அலுமாரி பூட்ட ஆள் பிடிப்பதா, நாமே பூட்டுவதா?

முன்பெல்லாம் ஒரு வீட்டில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டால் ஓடாவியார் முற்றத்துக்கே வந்துவிடுவார். வாப்பா பார்த்து வாங்கிப் போட்ட முதிரையோ தேக்கோ உலர்ந்து கிடக்கும். அறுத்து, சீவி, உளி பிடித்து, கட்டிலும் அலுமாரியும் நம் கண் முன்னாலேயே உருவாகும். கூலி என்றால் அந்த முழு வேலைக்குமான கூலி. செய்வதற்கு ஒரு விலை, பூட்டுவதற்கு இன்னொரு விலை என்ற பேச்சே அன்று இருக்கவில்லை.

இன்று கடையில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கும் அலுமாரி, வீட்டு வாசலுக்கு வரும்போது பல வேளைகளில் அலுமாரியாக வருவதில்லை. இரண்டோ மூன்றோ தட்டையான அட்டைப் பெட்டிகளாக வந்து சேர்கிறது. உள்ளே பலகைகள், ஒரு பை நிறைய ஆணிகள், வளைந்த சிறு சாவி ஒன்று, படங்கள் மட்டுமே உள்ள ஒரு தாள். லொறிக்காரர் இறக்கி வைத்துவிட்டுப் போய்விடுகிறார். அப்போதுதான் வீட்டில் அந்தக் கேள்வி எழுகிறது. இதைப் பூட்ட ஒருவரைக் கூப்பிட்டுக் காசு கொடுப்பதா, நாமே பூட்டிக்கொள்வதா?

"இதுக்குப் போய் காசு கொடுக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை நானே பூட்டுறேன்" என்று வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகள் வந்து போகும். பெட்டிகள் சுவரில் சாய்ந்தபடியே நிற்கும். உடுப்புகள் கதிரையில் குவியும். பல வீடுகளில் நடக்கும் கூத்துத்தான் இது! ஆனால் காசு மிச்சமா, நட்டமா என்று மட்டும் பார்த்தால் இந்தக் கேள்விக்குச் சரியான விடை கிடைக்காது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இது உயிரோடு சம்பந்தப்பட்ட விடயமும் ஆகும்.

மலிவு எங்கிருந்து வருகிறது?

சுவீடன் நாட்டில் 1943ஆம் ஆண்டு, இங்வார் கம்ப்ராட் என்பவர் தமது 17ஆவது வயதில் ஆரம்பித்த ஐகியா நிறுவனம்தான் இந்தத் தட்டைப் பெட்டி முறையை உலகெங்கும் பரப்பியது. 1956இல் அங்கு வேலை பார்த்த கில்லிஸ் லுண்ட்கிரென், ஒரு மேசையைக் காருக்குள் ஏற்ற முடியாமல் அதன் கால்களைக் கழற்றி ஏற்றினாராம். அங்கிருந்துதான் இந்த யோசனை வளர்ந்தது என்று அந்த நிறுவனமே சொல்கிறது.

யோசித்துப் பார்த்தால் இதில் சூட்சுமம் ஒன்றுமில்லை. பூட்டி முடித்த அலுமாரியின் பெரும்பகுதி வெறும் காற்று. அதை லொறியில் ஏற்றினால் காற்றுக்கும் சேர்த்துத்தான் வாடகை கொடுக்க வேண்டும். பலகைகளாக அடுக்கினால் ஒரே லொறியில் பல மடங்கு ஏற்றலாம். பூட்டும் ஆளின் கூலியும் நிறுவனத்துக்கு மிச்சம். அந்த மிச்சத்தில் ஒரு பங்குதான் நமக்கு மலிவு விலையாகத் தெரிகிறது. அதாவது அந்த விலைக்குறைப்பு இனாம் அல்ல. வேலையின் கடைசிப் பகுதி நம் தலையில் இறக்கி வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். 2017இல் அதே ஐகியா, வீட்டு வேலைகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் டாஸ்க்ரபிட் என்ற அமெரிக்க நிறுவனத்தை விலைக்கு வாங்கியது. நீங்களே பூட்டுங்கள் என்று உலகத்துக்குச் சொன்னவர்களே, பூட்ட ஆள் அனுப்பும் தொழிலையும் வாங்கிக்கொண்டார்கள்!

எனவே கடையில் விலை கேட்கும்போதே பூட்டுக் கூலியையும் மனதில் கூட்டிக்கொள்ள வேண்டும். சில கடைகளில் பூட்டித் தருவது விலைக்குள்ளேயே அடக்கம். சிலவற்றில் தனிக் கட்டணம். இதைக் கேட்காமல் பணம் கட்டிவிட்டு, வீட்டுக்கு வந்த பின் அலைவதில் பயனில்லை. பூட்டும்போது பலகை உடைந்தால் யார் பொறுப்பு, நாமே பூட்டினால் உத்தரவாதம் செல்லுமா என்பதையும் கேட்டு, பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

இந்தப் பலகையின் குணம்

ஓடாவியார் செய்த முதிரை அலுமாரியை நான்கு தடவை கழற்றிப் பூட்டலாம். பெட்டியில் வரும் சாமானின் குணம் வேறு. பெரும்பாலும் அது மரச் சீவலையும் தூளையும் பசை கலந்து அழுத்திச் செய்த சிப்போட் பலகை. மேலே மரத்தின் நிறத்தில் ஒரு மெல்லிய தகடு ஒட்டப்பட்டிருக்கும். இதில் ஆணி முதல் தடவை இறங்கும்போதுதான் நன்றாகப் பிடிக்கும். கோணலாக இறங்கிவிட்டு, அதைக் கழற்றி மறுபடி இறக்கினால் துளை பெருத்துவிடும். மின்சார ட்ரில்லால் வேகமாக முறுக்கினால் உள்ளே இருக்கும் தூள் உதிர்ந்து, ஆணி சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். அப்படி ஆகிவிட்டால் மரப் பசை தடவிய சிறு குச்சியைத் துளைக்குள் இறுக்கி, காய்ந்த பின் மறுபடி ஆணி இறக்கலாம். ஆனால் முதல் பிடிப்பு வராது.

பலகைகளை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்க வட்டமான சிறு பூட்டாணிகள் இருக்கும். அவை அரைச் சுற்றுக்குக் கிட்டத்தில் இறுகிவிடும். இன்னும் இறுகட்டும் என்று பலத்தைக் காட்டினால் அந்த இடமே பெயர்ந்து வரும். பலசாலிகள் பூட்டும் வீடுகளில்தான் இது அதிகம் நடக்கும் என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்று, பின்பக்கத்து மெல்லிய தகடு. தூசி மறைக்கத்தானே என்று எண்ணி, நான்கு ஆணியோடு அதை விட்டுவிடுபவர்கள் பலர். அலுமாரி பக்கவாட்டில் ஆடாமல் நிற்பதே அந்தத் தகட்டினால்தான். அதை அடிக்கும் முன், ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு நூல் பிடித்து அளக்க வேண்டும். பிறகு மற்ற இரண்டு மூலைகளையும் அளக்க வேண்டும். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால்தான் சட்டம் சதுரமாக நிற்கிறது என்று அர்த்தம். இதைப் பார்க்காமல் அடித்துவிட்டு, கதவு மூடவில்லை, பிணைச்சல் சரியில்லை என்று கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை.

அறையின் உயரத்தையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். தரையில் படுக்க வைத்துப் பூட்டிய அலுமாரியை நிமிர்த்தும்போது அதன் மூலை உயரத்துக்கு மேலும் எழும். 7 அடி உயரமும் 2 அடி ஆழமும் உள்ள அலுமாரி நிமிர ஏறத்தாழ 7 அடி 4 அங்குலம் இடம் வேண்டும். தாழ்ந்த தட்டும், தலைக்கு மேல் மின்விசிறியும் உள்ள அறையில் இதை மறந்தால், பூட்டியதை எல்லாம் கழற்றி நிற்க வைத்தே மறுபடி பூட்ட வேண்டி வரும். கழற்றிய ஒவ்வொரு ஆணியும் பிடிப்பை இழக்கும்.

எதை நாமே செய்யலாம்?

சப்பாத்துத் தட்டு, சிறு புத்தக அடுக்கு, பிள்ளை எழுதும் மேசை, கதிரை போன்றவற்றுக்குக் கூலி கொடுப்பது வீண் என்பதே நமது கருத்து. பெண்களால் தாராளமாகச் செய்யக்கூடிய வேலை இது. பொறுமையும், தாளில் உள்ள படத்தைப் பார்க்கும் கண்ணும் போதும். தையல் மெஷினில் வெட்டுத் துணிகளை வரிசை பார்த்து இணைக்கும் சகோதரிக்கு இது பெரிய விடயமா என்ன? தரையில் ஒரு பழைய விரிப்பைப் போட்டு, ஆணிகளை வகை வகையாகக் கிண்ணங்களில் பிரித்து, தாளில் உள்ள எண்ணிக்கையோடு ஒப்பிட்ட பிறகே தொடங்குங்கள். குறைவாக இருந்தால் அப்போதே கடைக்குச் சொல்லலாம். வயது வந்த மகளையும் மகனையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். நபி (ஸல்) அவர்கள் தமது பாதணியைத் தாமே தைத்துக்கொண்டார்கள், வீட்டு வேலைகளில் கைகொடுத்தார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். கையால் வேலை செய்வது நமக்கு இழுக்கல்ல.

சொந்தக் கையால் பூட்டிய பொருளின் மீது தனிப் பிரியம் ஏற்படும் என்பதும் உண்மையே. மைக்கல் நோர்ட்டன், டேனியல் மோச்சன், டான் ஆரியலி என்ற மூவர் இதை ஆராய்ந்து 2012இல் கட்டுரை வெளியிட்டார்கள். தாமே செய்த பொருளுக்கு மனிதர்கள் கூடுதலாக மதிப்பிடுகிறார்கள் என்று கண்டார்கள். ஆனால் வேலை அரைகுறையில் நின்றுவிட்டால் அந்தப் பிரியமும் இல்லாமல் போய்விடுகிறதாம். சுவரில் சாய்ந்து நிற்கும் பெட்டிகளுக்கு இது பொருந்துமா என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்!

சுவரில் இறங்க வேண்டிய ஆணி

உயரமான அலுமாரி, லாச்சிகள் உள்ள பெட்டக அலுமாரி, இரட்டைத் தட்டுக் கட்டில் ஆகியவை வேறு வகை. இங்கேதான் காசு கொடுப்பது தகும் என்று சொல்கிறோம். காரணம் நேரம் மிச்சமாவது அல்ல.

அமெரிக்காவில் 2016 ஜூன் மாதம், ஐகியா நிறுவனம் ஏறத்தாழ 2 கோடியே 90 இலட்சம் லாச்சி அலுமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சுவரோடு பூட்டப்படாத அலுமாரிகள் சரிந்து விழுந்து, சின்னஞ்சிறு குழந்தைகள் மரணமானதே அதற்குக் காரணம். பிள்ளை என்ன செய்கிறது? கீழ் லாச்சியை இழுக்கிறது, அதற்கு மேலுள்ளதையும் இழுக்கிறது, படிக்கட்டு என்று எண்ணிக் காலை வைத்து ஏறுகிறது. லாச்சிகள் வெளியே வந்ததும் அலுமாரியின் பாரம் முன்னுக்கு வந்துவிடுகிறது. பிள்ளையின் பாரமும் சேர்ந்தால் அலுமாரி முன்பக்கமாகக் கவிழ்கிறது. பக்கத்து அறையில் இருக்கும் தாய் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இத்தகைய அலுமாரிகள் சரியாமல் நிற்பதற்கான கட்டாய விதிகளை வகுக்கும் சட்டம் ஒன்று 2022 டிசம்பரில் அந்த நாட்டில் நிறைவேறியது.

நாட்டுக்கு நாடு சட்டம் மாறலாம். பாரம் முன்னுக்கு வந்தால் அலுமாரி கவிழ்வது எங்கும் ஒன்றுதான். பெட்டிக்குள் ஒரு சிறு பையில் வளைந்த தகடும் நீள ஆணியும் இருக்கும். அது மேலதிகச் சாமான் என்று எண்ணி லாச்சிக்குள் போட்டு வைப்பவர்கள் ஏராளம். கூலிக்கு வரும் பாஸ்மார் சிலரும் கதவைத் திறந்து மூடிக் காட்டிவிட்டு, அந்தப் பையைப் பிரிக்காமலே போய்விடுகிறார்கள். அந்தப் பையில் உள்ளது சுவரில் இறங்காதவரை வேலை முடியவில்லை. நம்மால் சிரமப்பட்டுச் செய்ய முடியாத பகுதியும் அதுதான். செங்கல் சுவரைத் துளைக்கப் பலமான ட்ரில் மெஷின் வேண்டும். துளைக்குள் ரோல் பிளக் இறுக்கி, அதற்குள் ஆணியை இறக்க வேண்டும். சாந்துப் பூச்சில் மட்டும் நிற்கும் ஆணி இழுத்தால் கையோடு வந்துவிடும். உள்ளே வெற்றிடம் உள்ள சீமெந்துக் கல்லுக்கு வேறு வகைப் பிளக் தேவை. சுவருக்குள் மின்கம்பி போகும் வழியையும் பார்க்க வேண்டும். வாடகை வீடாக இருந்தால் வீட்டுச் சொந்தக்காரரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள். இரண்டு துளைகளுக்காகத் தயங்க வேண்டாம்.

அலுமாரி 60,000 ரூபா, பூட்டுக் கூலி 5,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். விலையில் 12இல் ஒரு பங்கு. பலகை ஒன்று பெயர்ந்தால் அந்த ஒன்றை மட்டும் தனியாக வாங்குவது அநேகமாக நடக்காத காரியம். சுவரில் பூட்டுவதும் சேர்ந்தால் அந்த 5,000 ரூபா தகும். அது சேராவிட்டால், நாமே செய்யக்கூடிய வேலைக்குத்தான் காசு கொடுக்கிறோம்.

யாரைக் கூப்பிடுவது?

மத்யன் நகரத்து முதியவரிடம் அவருடைய மகள், மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்தும்படி சொன்ன செய்தி சூரா அல்-கஸஸில் வருகிறது. அவள் சொன்ன தகுதிகள் இரண்டுதான். வலிமையும் நம்பிக்கையும். ஒரு பெண்ணின் வாயால் வந்த யோசனை அது! நாம் ஆள் பிடிக்கும்போதும் இவ்விரண்டையுமே பார்க்க வேண்டும். வலிமை என்பது இங்கு கைத்திறமை. ஏற்கனவே பூட்டிக் கொடுத்த வீட்டாரிடம் விசாரித்தால் தெரிந்துவிடும். வரும்போது ரசமட்டம் கொண்டுவருகிறாரா என்று பாருங்கள். தரை சரிந்திருந்தால் கதவு ஒழுங்காக நிற்காது என்பதை அறிந்தவர்தான் அதைக் கொண்டுவருவார்.

கணவர் வெளிநாட்டில் இருக்கும் வீடுகள் நம்மிடையே அநேகம். அந்நிய ஆண் அறைக்குள் வந்து இரண்டு மூன்று மணி நேரம் வேலை செய்வதென்றால் சகோதரனோ, வாப்பாவோ, மாமாவோ வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்து வரச் சொல்ல வேண்டும். ஜும்ஆ நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். அறையில் உள்ள நகை, உடுப்பு எல்லாவற்றையும் முன்பே எடுத்து வைத்துவிட்டால் அவருக்கும் சங்கடமில்லை, நமக்கும் சந்தேகமில்லை.

வேலை தொடங்கும் முன்பே பேசிவிட வேண்டும். "பாஸ் நானா, முழு வேலைக்கும் எவ்வளவு? சுவரில் பூட்டுறதும் சேர்த்துத்தானே? பிளக் நீங்க கொண்டுவருவீங்களா, நாங்க எடுக்கணுமா?" என்று கேட்பதில் வெட்கமில்லை. வேலை இன்னது, கூலி இவ்வளவு என்பது இரு தரப்புக்கும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பது நமது மார்க்கச் சட்டமும் ஆகும். பார்த்துப் போட்டுத் தருகிறோம் என்று தொடங்கி, முடிந்த பின் பேரம் பேசுவது நம் பெண்களிடம் உள்ள ஒரு கெட்ட பழக்கம். ஒரு பிளேன்டியும் பணிசும் கொடுத்துவிட்டு, மீதியை அடுத்த வாரம் தருகிறேன் என்பது அதைவிட மோசம். உழைப்பை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு மறுமையில் தானே எதிரியாக நிற்பதாக அல்லாஹ் எச்சரித்திருப்பது புகாரியில் பதிவாகியுள்ள ஹதீஸ் குத்ஸி. தளபாடம் மலிவாகக் கிடைத்தது என்பதற்காகப் பாஸின் உழைப்பும் மலிவாக வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த நியாயம்?

பணம் கொடுக்கும் முன், கதவுகளையும் லாச்சிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். அலுமாரியின் மேல் விளிம்பைப் பிடித்து முன்னுக்கு மெதுவாக இழுத்துப் பாருங்கள், அசையக் கூடாது. பாய்ந்து வரும் தண்ணீரில் சிப்போட் ஊதிவிடும் என்பதால், தரை கழுவும் வீட்டில் அடியில் பிளாஸ்டிக் பாதங்கள் வைத்திருக்கிறாரா என்றும் கவனியுங்கள். புதுப் பலகையின் பசை வாடை போகும்வரை சில நாட்கள் யன்னலைத் திறந்து வைத்து, அதன் பிறகே உடுப்பு அடுக்கலாம். மிஞ்சிய ஆணிகளையும், வளைந்த சாவியையும், படம் உள்ள தாளையும் ஒரு பையிலிட்டு அலுமாரியின் உட்கதவில் ஒட்டிவிடுங்கள். வீடு மாறும் நாளில் அதைக் கழற்ற வருபவர் முதலில் கேட்பது அந்தச் சாவியைத்தான்.