பின்பாட்டைக் கேளுங்கள்

"ஏன் மாமா, அந்தத் துரியோதனன் இப்படிக் கத்திக் கத்திப் பாடுறாரு?"

கேட்டவன் என் அக்கா மகன். சென்னையில் படிக்கிறான், அம்மன் திருவிழாவுக்கு வந்திருந்தான். விடிய விடியக் கூத்துப் பார்த்துவிட்டு உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கண் இரண்டும் சிவந்து கிடந்தன அவனுக்கு. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. அவனுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் பாருங்கள். கூத்து நடப்பது கோயில் திடலில், அறுப்பு முடிந்த வயலில். குரலைத் திருப்பி அனுப்ப ஒரு சுவர் கிடையாது. கடைசியில் பாய் விரித்துப் பேரனை மடியில் போட்டிருக்கும் பாட்டிக்கும் ஒவ்வொரு சொல்லும் போய்ச் சேர வேண்டும். மைக் செட் வருவதற்கு முன்பே உருவான பாட்டு இது. தாழ்ந்த குரல் இரண்டாவது வரிசையைத் தாண்டாது. அதனால் ஆர்மோனியத்தில் உயர்ந்த கட்டையைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சிலிருந்து தள்ளிப் பாடுகிறார்கள். தொண்டையை அப்படிப் பழக்கப் பல வருஷம் ஆகும்.

கட்டை என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காஞ்சிபுரம் பக்கத்தில் தெருக்கூத்தைக் கட்டைக்கூத்து என்றும் சொல்வோமே, அந்தக் கட்டை சுருதிக் கட்டை இல்லை. ராஜா வேஷக்காரர் தலையிலும் தோளிலும் மார்பிலும் கட்டிக்கொள்ளும் மரக்கட்டை அணிகள். கல்யாண முருங்கை மாதிரி லேசான மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் ஜிகினாவும் ஒட்டியிருப்பார்கள். லேசான மரம் என்றாலும் எல்லாம் சேர்ந்தால் பாரம்தான். காலில் சலங்கை வேறு. இத்தனையோடு சுழன்று ஆடுகிறவர் மூச்சுக்கு எங்கே போவார்?

பின்பாட்டுக்குத்தான்.

ஆடுகிறவருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்களே, ஆர்மோனியக்காரர், மிருதங்கமும் டோலக்கும் வாசிப்பவர், தாளம் போடுகிறவர், முகவீணைக்காரர். வேஷம் முடிந்து ஓய்வாக இருப்பவர்களும் அவர்களோடு சேர்ந்துகொள்வார்கள். திரைக்குப் பின்னால் நின்று பாடும் விருத்தம் தாளக் கட்டில்லாமல் நீண்டு போகும். திரை விலகி, தாளத்தோடு பாட்டு ஆரம்பித்ததும் கவனியுங்கள். நடிகர் ஒரு வரியைப் பாடுவார். கடைசிச் சொல் அவர் வாயில் இருக்கும்போதே பின்பாட்டுக்காரர்கள் அந்த வரியை வாங்கிவிடுவார்கள். அவர்கள் பாடப் பாட இவர் ஆடுவார், மூச்சை மீட்பார், அடுத்த வரிக்குத் தயாராவார். நேற்றிரவு நான் ஆர்மோனியத்தின் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அந்த ஆர்மோனியக்காரர் ஒரு தடவைகூட விரல்களைப் பார்க்கவில்லை. அவர் பார்வை முழுவதும் துரியோதனனின் முதுகில் இருந்தது. முதுகு ஏறி இறங்கும் விதத்திலேயே எப்போது வரியை வாங்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

பிரான்சின் மேற்குக் கோடியில் பிரித்தானி என்ற பகுதி இருக்கிறது. அங்கே 'கான் ஹா டிஸ்கான்' என்றொரு பாட்டு முறை. வாத்தியமே இல்லாமல், இரண்டு பேர் பாடியே ஊரை ஆட வைப்பார்கள். முதல் ஆள் வரியை முடிக்கும் இடத்தில் கடைசி அசைகளிலேயே இரண்டாமவர் சேர்ந்துகொண்டு அதே வரியைத் திரும்பப் பாடுவார். இடைவெளி விழுந்தால் ஆடுகிறவர்களின் கால் நின்றுவிடும் அல்லவா? இதைப் பாடும் விழாவுக்கு 'ஃபெஸ்ட் நோஸ்' என்று பெயர், இரவுத் திருவிழா என்று அர்த்தம். 2012-இல் யுனெஸ்கோ அதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம்மூரை அவர்கள் பார்த்ததில்லை, அவர்களை நாமும் பார்த்ததில்லை. ஆனால் ஆட்டமும் பாட்டும் அறுபடாமல் ஓட வேண்டும் என்ற தேவை வந்ததும் இரண்டு ஊரும் ஒரே வழியைக் கண்டுபிடித்திருக்கின்றன. எனக்கு இது பெரிய ஆச்சரியம்.

முகவீணைக்கும் இப்படித் தூர தேசத்துச் சொந்தங்கள் உண்டு. பெயரில் வீணை இருந்தாலும் அது ஊதுகிற வாத்தியம். நாகஸ்வரத்துக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம், ஒரு முழத்துக்குள் அடங்கிவிடும். சீவாளியை உதட்டால் அழுத்தியும் தளர்த்தியும் குரலின் வளைவுகளையெல்லாம் அதில் கொண்டுவருவார்கள். துருக்கியின் சுர்னாவும் சீனத்துச் சுவோனாவும் பிரித்தானியின் பொம்பார்டும் இதே சீவாளிக் குடும்பம்தான். எல்லாமே திறந்த வெளிக்கான வாத்தியங்கள், பெரும்பாலும் பக்கத்தில் ஒரு மேளம் இருக்கும்.

பின்பாட்டை நோட்டில் எழுதிக் கற்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத்தான் வரும். கூத்துக் கலைஞர் பெருங்கட்டூர் பி. ராஜகோபால் பத்து வயதிலேயே அப்பாவோடு கூத்துக்குப் போனவர். அவரும் அவர் மனைவி ஹன்னே டி பிரயினும் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை குருகுலம் நடத்தினார்கள். பள்ளிப் படிப்போடு கூத்தும் உண்டு. திரௌபதி வேஷத்தைக்கூட ஆண்களே கட்டிவந்த கலையில் அங்கே பெண்பிள்ளைகள் பாடினார்கள், ராஜா வேஷமும் கட்டினார்கள். அந்தக் குருகுலம் இப்போது இல்லை என்பதை வருத்தத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அக்கா மகன் இரண்டாவது டீயை முடித்துவிட்டுச் சொன்னான்: "ஆனா மாமா, எனக்குப் பின்பாட்டே சரியாக் கேக்கலையே."

அவன் சொன்னது உண்மை. நேற்று இருந்த ஒரே மைக் நடுவில் நடிகர் தலைக்கு மேல் தொங்கியது. துரியோதனன் மட்டும் ஊர் முழுக்கக் கேட்டார், அவர் மூச்சு வாங்கிய நேரமெல்லாம் தூரத்தில் இருந்தவர்களுக்கு வெறும் மேளம்தான். கத்தல் என்று அவனுக்குத் தோன்றியதில் பாதி இதனால்தான். இன்று ராத்திரியும் கூத்து இருக்கிறது. டீக்காசைக் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் மைக் செட்காரரைப் பார்க்கக் கிளம்பினோம், ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில், உட்கார்ந்திருப்பவர் வாய் உயரத்துக்கு இன்னொரு மைக் வைக்கச் சொல்ல.