பழைய மோட்டார் சைக்கிளுக்கு ‘டைனோ’ சோதனை: பட்டறையைத் தேர்ந்தெடுக்கும் முன் அறிய வேண்டியவை

யமஹா ஆர்.எக்ஸ். 100, யெஸ்டி ரோட்கிங், வார்ப்பிரும்பு என்ஜின் கொண்ட புல்லட் ஆகியவற்றின் உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆயினும் அவை நாட்டின் சாலைகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இவற்றின் கார்புரேட்டர்கள் வடிவமைக்கப்பட்ட காலத்தில் பெட்ரோலில் எத்தனால் கலக்கப்படவில்லை. 2022 ஜூன் மாதத்தில் 10 சதவீதத்தை எட்டிய எத்தனால் கலப்பு, 2025-ஆம் ஆண்டில் 20 சதவீதமாக உயர்ந்தது.

இந்த மாற்றத்துக்குப் பிறகு தங்கள் வண்டியின் என்ஜின் எந்நிலையில் உள்ளது என்பதை அறிய விரும்பும் உரிமையாளர்கள் நாடக்கூடிய வழிகளில் ஒன்று ‘டைனோ’ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் டைனமோமீட்டர் சோதனை. ஆனால் முறையாகச் செய்யப்படாத சோதனை, எளிதில் மாற்று உதிரிபாகம் கிடைக்காத ஒரு என்ஜினைச் சில நொடிகளில் பழுதாக்கிவிடவும் கூடும். எனவே எந்தப் பட்டறையில், யாரிடம் வண்டியை ஒப்படைக்கிறோம் என்பது முக்கியத்துவம் பெறுகிறது.

எத்தனால் கலப்பால் என்ன மாறுகிறது?

பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று தேவை. எத்தனாலுக்கு 9 பங்கு காற்றே போதும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இந்த அளவு ஏறத்தாழ 13.5 ஆகிறது.

மின்னணு முறையில் எரிபொருளைச் செலுத்தும் புதிய வண்டிகள் இந்த வேறுபாட்டை உணரியின் உதவியுடன் ஓரளவு தாமே சரிசெய்துகொள்கின்றன. கார்புரேட்டருக்கு அந்தத் திறன் இல்லை. அதிலுள்ள ஜெட்டின் துளை எவ்வளவோ, அவ்வளவு எரிபொருளே செல்லும். இதனால் கலவையில் எரிபொருளின் பங்கு தேவையைவிட ஏறத்தாழ 7 சதவீதம் குறைகிறது. எரிபொருள் குறைந்த கலவை முழு வேகத்தில் அதிக வெப்பத்தை உண்டாக்குகிறது. காற்றால் மட்டுமே குளிரும் பழைய என்ஜின்களில், குறிப்பாக டூ-ஸ்ட்ரோக் வகையில், பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும் அபாயம் இதனால் அதிகரிக்கிறது.

பெரும்பாலான பழைய வண்டிகளில் முழு வேகத்துக்கான ஜெட் சற்றுத் தாராளமாகவே அமைக்கப்பட்டிருந்ததால் எல்லா வண்டிகளும் உடனடி ஆபத்தில் இல்லை. ஆனால் சைலன்சரையோ காற்று வடிகட்டியையோ மாற்றிய வண்டிகளில் அந்தப் பாதுகாப்பு இடைவெளி ஏற்கெனவே குறைந்திருக்கலாம்.

மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழ் இருப்பதால் கலவை சரியாக உள்ளது என்று கொள்ள முடியாது. அந்தச் சோதனை என்ஜின் சும்மா ஓடும் நிலையில் மட்டுமே நடத்தப்படுகிறது. 2000-ஆம் ஆண்டு மார்ச் 31-க்கு முன் தயாரான இருசக்கர வாகனங்களுக்குக் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம் வரை அனுமதி உண்டு. முழு வேகத்தில் வேறொரு ஜெட் செயல்படுவதால், அப்போது நிகழ்வதை இந்தச் சோதனை காட்டாது.

டைனோ எவ்வாறு செயல்படுகிறது?

பட்டறைகளில் பொதுவாக இருப்பது வண்டியின் பின் சக்கரத்தை ஓர் உருளையின் மீது நிறுத்திச் சோதிக்கும் வகை. முன் சக்கரம் பிடிப்பானில் பொருத்தப்பட்டு, வண்டி பட்டைகளால் இறுக்கிக் கட்டப்படுகிறது. ஒரே கியரில், குறைந்த வேகத்திலிருந்து உச்ச வேகம் வரை த்ராட்டில் முழுவதுமாகத் திறக்கப்படும். உருளையின் வேகம் உயரும் விதத்தைக் கொண்டு கணினி முறுக்கு விசையையும் குதிரைத்திறனையும் கணக்கிடுகிறது.

இதில் இரண்டு வகைகள் உள்ளன. முதல் வகையில் கனமான உருளையின் எடை மட்டுமே என்ஜினுக்குச் சுமை. இரண்டாவது வகையில் மின்காந்தத் தடை மூலம் சுமையைக் கூட்டவும் குறைக்கவும் இயலும். என்ஜினை ஒரே வேகத்தில், தேவையான சுமையில் நிறுத்தி வைத்து, பாதி த்ராட்டில் நிலையிலும் கலவையைச் சரிபார்க்க இரண்டாவது வகையே உதவும். அன்றாடம் ஓட்டும் வண்டிக்கு அந்த நிலைதான் முக்கியம்.

பெரிய என்ஜின்களுக்காக அமைக்கப்பட்ட கனமான உருளையை 100 சிசி என்ஜின் சுழற்றுவதற்கு அதிக நேரமாகும். அவ்வளவு நேரமும் என்ஜின் முழு வெப்பத்தில் இயங்கும் என்பதையும் கவனத்தில் கொள்ள வேண்டும்.

எங்கே தேடுவது?

புணேயில் 1966-இல் தொடங்கப்பட்ட இந்திய வாகன ஆராய்ச்சி சங்கம், ஹரியாணாவின் மானேசரில் உள்ள பன்னாட்டு வாகனத் தொழில்நுட்ப மையம் ஆகியவற்றில் உயர்தரச் சோதனை வசதிகள் உள்ளன. எனினும் இவை முதன்மையாக உற்பத்தியாளர்களின் சான்றளிப்புப் பணிகளுக்கானவை. பொறியியல் கல்லூரிகளின் ஆய்வுக்கூடங்களில் உள்ள கருவிகள் பெரும்பாலும் தனி என்ஜினைச் சோதிப்பவை. அவற்றைப் பயன்படுத்த வண்டியிலிருந்து என்ஜினைக் கழற்ற வேண்டியிருக்கும்.

ஆகவே தனிநபர்களுக்கு நடைமுறையில் உதவுபவை மோட்டார் பந்தயத்தோடு தொடர்புடைய தனியார் பட்டறைகளே. பெங்களூரு, புணே, மும்பை, தில்லி சுற்றுவட்டாரம், பந்தயத் தடங்கள் அமைந்த சென்னை, கோவை ஆகிய இடங்களில் இத்தகைய பட்டறைகளைத் தேடலாம். ஆனால் இவற்றில் பல, புதிய வண்டிகளின் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவியை மாற்றியமைப்பதில் தேர்ச்சி பெற்றவை. கார்புரேட்டர் ஜெட்டுகளையும் பிளாட்டினம் பாயின்ட் பற்றவைப்பையும் கையாளத் தெரிந்தவர்கள் அங்கு இருக்கிறார்களா என்பதே கேட்கப்பட வேண்டிய முதல் கேள்வி. ஜாவா, யெஸ்டி, புல்லட் உரிமையாளர் குழுக்களில் விசாரிப்பது இதற்கு நல்ல வழி.

அருகில் பட்டறை இல்லாதவர்கள் வண்டியை ரயிலில் பார்சலாக அனுப்பலாம். பதிவுச் சான்றிதழின் நகல் தேவை. பெட்ரோல் தொட்டியை முழுவதுமாகக் காலி செய்திருக்க வேண்டும்.

பட்டறையிடம் கேட்க வேண்டியவை

டைனோ எந்த வகையைச் சேர்ந்தது, சிறிய என்ஜின்களைச் சோதித்த அனுபவம் உண்டா என்று கேட்க வேண்டும். என்ஜினின் சுழற்சி வேகத்தை எவ்வாறு அளக்கிறார்கள் என்பதும் முக்கியம். பழைய வண்டிகளில் கணினியோடு இணைக்கும் வசதி இல்லாததால், ஸ்பார்க் பிளக் கம்பியில் கவ்வும் உணரி அவசியம்.

என்ஜினை நோக்கி வலுவாகக் காற்று வீசும் விசிறி உள்ளதா என்பதைப் பார்க்க வேண்டும். சாலையில் ஓடும்போது கிடைக்கும் காற்றோட்டம் உருளையின் மீது கிடைக்காது. சாதாரண மேசை விசிறி இதற்குப் போதாது.

புகைக்குழாயில் வைத்துக் காற்று–எரிபொருள் விகிதத்தை அளக்கும் உணரி ஃபோர்-ஸ்ட்ரோக் என்ஜின்களுக்கு மிகவும் பயனுள்ளது. டூ-ஸ்ட்ரோக் என்ஜின்களில் எரியாத கலவையின் ஒரு பகுதியும் புகையோடு வெளியேறுவதால் அதன் அளவீட்டை அப்படியே நம்ப இயலாது. எண்ணெய்ப் படிவு அந்த உணரியையும் கெடுக்கும். ஆர்.எக்ஸ். 100 போன்ற வண்டிகளுக்கு ஸ்பார்க் பிளக்கின் நிறத்தையும் பிஸ்டனின் மேற்பரப்பையும் பார்த்துக் கணிக்கத் தெரிந்த கைதேர்ந்த மெக்கானிக்கே தேவை.

பட்டறைக்காரர் உரிமையாளரிடம் என்ன கேட்கிறார் என்பதும் ஓர் அளவுகோல். கடைசியாக என்ஜின் எப்போது பிரிக்கப்பட்டது, என்ன ஜெட் உள்ளது, எண்ணெய் பம்ப் வேலை செய்கிறதா என்று எதையும் விசாரிக்காமல் வண்டியை நேராக உருளையில் ஏற்றுபவரைத் தவிர்ப்பது நல்லது.

சோதனைக்கு முன்

பின் டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பார்க்க வேண்டும். 2319 என்றிருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். பழைய, வெடிப்பு விழுந்த டயரோடு உருளையில் ஏற்றக்கூடாது. முழு வேகத்தில் டயர் வெடித்தாலோ சங்கிலி அறுந்தாலோ அருகில் நிற்பவருக்கும் ஆபத்து.

சங்கிலியின் தளர்வு, சக்கர பேரிங்குகள், எண்ணெய் அளவு, கார்புரேட்டரின் தூய்மை ஆகியவை சரிபார்க்கப்பட வேண்டும். எத்தனால் பழைய ரப்பர் பாகங்களை ஊதச் செய்யக்கூடும் என்பதால் பெட்ரோல் குழாயையும் கார்புரேட்டரின் ரப்பர் வளையங்களையும் மாற்றிவிடுவது நல்லது. அண்மையில் போர் செய்து புதிய பிஸ்டன் பொருத்தப்பட்டிருந்தால், அது படிவதற்குரிய தொலைவை மிதமான வேகத்தில் ஓட்டிய பிறகே சோதனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அன்றாடம் பயன்படுத்தும் பெட்ரோலையே நிரப்பிச் செல்வது அவசியம். வேறு எரிபொருளில் பெறப்பட்ட முடிவு சாலையில் பயன்படாது.

முதல் ஓட்டத்திலேயே உச்ச வேகத்துக்குச் செல்லாமல், பாதி வேகத்தில் நிறுத்திப் பிளக்கைக் கழற்றிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்ளலாம். உலோகத் தட்டல் ஒலி கேட்டாலோ வேகம் திடீரெனத் தளர்ந்தாலோ சோதனையை நிறுத்த வேண்டும் என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்.

வரைபடத்தை எவ்வாறு படிப்பது?

ஆர்.எக்ஸ். 100-க்கு உற்பத்தியாளர் அறிவித்த திறன், நிமிடத்துக்கு 7,500 சுழற்சியில் 11 குதிரைத்திறன். இது என்ஜினில் அளக்கப்பட்டது. கியர், சங்கிலி, டயர் வழியாகப் பின் சக்கரத்தை அடையும்போது 10 முதல் 15 சதவீதம் வரை குறைவது இயல்பு. எனவே உருளையில் 9.5 குதிரைத்திறன் காட்டினால் அந்த என்ஜின் நல்ல நிலையில் உள்ளது என்றே பொருள். மாறாக, மாற்றம் எதுவும் செய்யப்படாத வண்டி என்று கூறி 13 குதிரைத்திறன் காட்டும் அறிக்கையை ஐயத்துடனே அணுக வேண்டும். பழைய வண்டியை அதிக விலைக்கு வாங்குபவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

ஊரின் உயரமும் முடிவைப் பாதிக்கும். கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் அமைந்துள்ள பெங்களூரில் காற்றின் அடர்த்தி குறைவு என்பதால், அதே வண்டி சென்னையில் தருவதைவிட ஏறத்தாழ 10 சதவீதம் குறைந்த திறனையே தரும். வெப்பநிலை, காற்றழுத்தம் ஆகியவற்றுக்கு ஏற்ப எண்ணைத் திருத்தும் முறைகள் உண்டு. எந்த முறை பயன்படுத்தப்பட்டது என்பது அறிக்கையில் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிடுவதாயின், அதே டைனோவில் அதே திருத்த முறையில் பெறப்பட்ட முடிவுகளை மட்டுமே ஒப்பிட வேண்டும்.

உச்ச எண்ணைவிடக் கோட்டின் வடிவம் அதிகம் உணர்த்தும். உச்சத்தை எட்டும் முன்பே கோடு சரிந்தால் எரிபொருள் போதவில்லை அல்லது சைலன்சரில் கரி அடைத்துள்ளது எனக் கருதலாம். உயர் வேகத்தில் கோடு நடுங்கினால் பற்றவைப்பில் கோளாறு இருக்கக்கூடும். என்ஜின் சுழற்சி உயர்ந்தும் உருளையின் வேகம் அதற்கேற்ப உயராவிட்டால் கிளட்ச் நழுவுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

டைனோ அறிக்கை ஓர் அதிகாரபூர்வ ஆவணம் அன்று. மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழுக்கோ பதிவுப் புதுப்பித்தலுக்கோ அது மாற்றாகாது. சோதனை செய்வதற்குத் தடை ஏதுமில்லை. ஆனால் மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவின்படி, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்றியமைக்க அனுமதி இல்லை. பழுதைச் சரிசெய்வதும், தேய்ந்த ஜெட்டை மாற்றுவதும் பராமரிப்பு. என்ஜினின் கொள்ளளவைக் கூட்டுவது மாற்றம்.

50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளை ‘விண்டேஜ்’ வகையில் பதிவு செய்ய 2021-இல் அறிவிக்கப்பட்ட விதிகளும், என்ஜின் உள்ளிட்ட பாகங்கள் மூல வடிவில் இருக்க வேண்டும் என்கின்றன. எனவே, திறனைக் கூட்டித் தருவதாகப் பட்டறை முன்வந்தாலும், வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கு அருகில் உள்ளதா என்பதை மட்டும் சோதித்துத் தருமாறு கேட்பதே பழைய வண்டியின் உரிமையாளருக்கு ஏற்றது. சோதனை முடிந்ததும் அச்சிட்ட வரைபடத்துடன், அன்று பொருத்தப்பட்டிருந்த ஜெட்டின் எண், பிளக்கின் வகை, அன்றைய வெப்பநிலை ஆகியவற்றையும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்த முறை என்ஜினில் மாற்றம் தென்படும்போது ஒப்பிட்டுப் பார்க்க அந்தக் குறிப்பு உதவும்.