எந்த டீயில் நிற்பது?

‘விலையுயர்ந்த மட்டை வாங்கினால் ஆட்டம் எளிதாகுமா?’ என்பதே இன்றைய கேள்வி. தஞ்சோங் ரம்புத்தான், உலு கிந்தா வட்டாரத்திலிருந்து வார இறுதியில் ஈப்போவுக்கு கோல்ஃப் ஆடப் போகும் நம்மவர்களுக்கு இது பணம் சம்பந்தப்பட்ட விஷயம்.

நமக்கும் இந்த ஆட்டத்துக்கும் பழைய உறவு உண்டு. 1848-இல் வந்த கோல்ஃப் பந்து, மலாயாக் காடுகளில் கிடைத்த ‘கெத்தா பெர்ச்சா’ மரப்பாலில் செய்யப்பட்டது. 1899-இல் அமெரிக்கரான ஹாஸ்கல் காப்புரிமை பெற்ற பந்தின் உள்ளே சுற்றப்பட்டது ரப்பர் நூல். பந்து அதிகத் தூரம் பறந்தது. பந்து நீளப் பறந்ததால் திடல்களும் நீண்டன. அந்தப் பாரம் இன்று சாதாரண ஆட்டக்காரர் தலையில் விழுகிறது.

மட்டை உதவும், மறுக்கவில்லை. 460 கன சென்டிமீட்டர் வரை விதி அனுமதிக்கும் பெரிய தலை, நடுவில் படாத அடியையும் ஓரளவு காப்பாற்றும். மெதுவாகச் சுழற்றுபவருக்கு வளையும் தண்டும், கூடுதல் சாய்வும் நல்லது. 3, 4-ஆம் எண் இரும்பு மட்டைகளைவிட ஹைப்ரிட் எளிது. ஆனால் இதில் கிடைப்பது சில கெஜம்தான்.

டீயை மாற்றிப் பாருங்கள். முதல் அடியில் 200 கெஜம் அடிப்பவர், 400 கெஜக் குழியில் இன்னும் 200 கெஜம் அடிக்க வேண்டும். முன் டீயில் அதே குழி 340 கெஜம் என்றால் மீதி 140. கையில் நடுத்தர இரும்பு மட்டை போதும். காசு செலவில்லை.

2011-இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘முன்னால் நின்று ஆடு’ இயக்கமும் இதையே சொன்னது. டிரைவரில் 200 கெஜம் அடிப்பவருக்கு 18 குழிகளும் சேர்ந்து 5,200 முதல் 5,400 கெஜம் போதும். 250 அடிப்பவருக்கு 6,200 முதல் 6,400.

‘அது பெண்கள் டீ ஆயிற்றே’ என்று வெட்கப்படுகிறோம். 2020-இல் நடப்புக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறையில் ஒவ்வொரு டீக்கும் கடினத்தைக் காட்டும் ‘ஸ்லோப்’ எண் உண்டு, அடிப்படை அளவு 113. உங்கள் எண் 20 என்றால், ஸ்லோப் 130 உள்ள டீயில் 23 அடிகள் சலுகை, 115 உள்ள டீயில் 20. பார் கணக்கில் சிறு திருத்தமும் சேரும். ஆகவே முன்னால் நிற்பது ஏமாற்று வேலையல்ல, கணக்கு அதைச் சரி செய்துவிடும்.

அறுபது வயதுக்கு மேல் பலர் ஆட்டத்தை விடுவது உடம்பு முடியாமல் மட்டுமல்ல, சலித்துப்போயும்தான். அடுத்த வாரம் ஒரு டீ முன்னால் நின்று ஆடிப் பாருங்கள். மட்டைக் கடைக்குப் பிறகு போகலாம்.