அலுவலகக் கணினி வலையும் சாவிக்கொத்தும்

திண்டுக்கல் பூட்டு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றதை நம் மாவட்டத்தார் யாவரும் அறிவர். பூட்டு எத்துணை உறுதியானதாயினும், அதன் சாவி ஊரில் எல்லார் கையிலும் இருக்குமானால் பயனில்லை. அலுவலகக் கணினிகள் விஷயத்தில் இந்த எளிய உண்மையை நாம் மறந்துவிடுகிறோம்.

இன்று ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களில் வீடு கட்டும் திட்டப் பயனாளிகளின் பட்டியல், அவர்களுடைய வங்கிக் கணக்கு எண்கள், ஊராட்சிகளின் வரவு செலவு ஆகியவை கணினி மூலமே கையாளப்படுகின்றன. வேடசந்தூர்ப் பக்கத்து மானாவாரி விவசாயி ஒருவரின் கணக்கு எண்ணை யாரேனும் மாற்றிவிட்டால், அவர் வீட்டுச் சுவர் பாதியில் நின்றுவிடும்.

விண்டோஸ் செர்வர் என்னும் தலைமைக் கணினியின் கீழ் இயங்கும் அலுவலக வலையில் புதிய கணினி ஒன்றைச் சேர்க்கும்போது, அதன் பெயரில் ஒரு கணக்கும் கடவுச்சொல்லும் ஏற்படுகின்றன. அன்றுமுதல் தலைமைக் கணினி அதனைத் தன்னைச் சேர்ந்ததாக நம்புகிறது. 2000-ஆம் ஆண்டில் இவ்வேற்பாடு வந்தபோதே, வலையில் கணக்குள்ள எந்த ஊழியரும் 10 கணினிகள் வரை சேர்க்கலாம் என்று விதி அமைக்கப்பட்டது. நாம் மாற்றினாலன்றி அது தானாக மாறுவதில்லை.

நாம் முன்பு பணியாற்றிய ஓர் அலுவலகத்தில், இருப்புப் பதிவேட்டின்படி கணினிகள் 12. தலைமைக் கணினியின் பட்டியலிலோ 17. மிகுதியான ஐந்தில் மூன்று, பழுதாகிக் கழிக்கப்பட்டவை. ஒன்று, மதிப்பீடுகளை விரைந்து முடிப்பதற்காகப் பணி மேற்பார்வையாளர் கொண்டுவந்த சொந்த மடிக்கணினி. அவரிடம் தீய எண்ணம் சிறிதும் இல்லை. ஆனால் அதில் அவருடைய பிள்ளைகள் எங்கெங்கிருந்தோ விளையாட்டுகளை இறக்கி வைத்திருந்தனர். ஐந்தாவது யாருடையது என்பது கடைசிவரை தெரியவில்லை.

இத்தகைய கவனக்குறைவால் விளையும் தீங்கு கற்பனையன்று. 2021 நவம்பரில் மைக்ரோசாப்ட் நிறுவனம் திருத்தம் வெளியிட்ட ஒரு குறைபாட்டின் வழியே, சாதாரண ஊழியர் ஒருவரின் கடவுச்சொல்லைப் பெற்றவர் போலிக் கணினிக் கணக்கொன்றைச் சேர்த்து, அதற்குத் தலைமைக் கணினியின் பெயரைச் சூட்டி, வலை முழுவதையும் கைப்பற்ற முடிந்தது. தனியொரு கணினியும் எத்துணைக் கவலையளிக்கும் என்பதற்குக் கூடங்குளம் சான்று. 2019-இல் அங்கு நிர்வாகப் பணிக்கான வலையில் இருந்த கணினி ஒன்றில் தீய நிரல் புகுந்தது. உலையை இயக்கும் வலை தனியே பிரிக்கப்பட்டிருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை என்று இந்திய அணுமின் கழகம் அறிவித்தது.

பரிகாரம் செலவில்லாதது. முதலாவது, 10 என்ற அந்த எண்ணைப் பூஜ்யமாக்குதல். இதனால் முன்பே சேர்ந்த கணினிகளின் வேலை தடைப்படாது. இரண்டாவது, கணினி சேர்க்கும் உரிமையை மட்டும் பொறுப்பான இருவருக்கு அளித்தல். இதற்காக நிர்வாகியின் முழு அதிகாரமுள்ள கடவுச்சொல்லை அவர்களிடம் கொடுக்கலாகாது. மூன்றாவது, சேர்த்த தேதி, பயன்படுத்துவோர் பெயர், காரணம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி, மாதந்தோறும் தலைமைக் கணினியின் பட்டியலுடன் ஒப்பிட்டு, கழிக்கப்பட்டவற்றை நீக்குதல். யாரேனும் வெறும் கம்பியைச் செருகி நுழைவதை இவை தடுக்கமாட்டா. அதற்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

இன்னொன்றையும் மேலதிகாரிகள் நினைவில் கொள்ள வேண்டும். நியாயமான தேவையோடு வரும் ஊழியரை வாரக்கணக்கில் காக்க வைத்தால், அவர் குறுக்கு வழியையே தேடுவார். கேட்ட அன்றே ஆவன செய்தால் விதியை யாரும் மீற விரும்பார். சாவியை இருவர் வைத்திருக்கட்டும். கதவு தட்டுவோர்க்கு அவர்கள் உடனே செவிசாய்க்கட்டும். கிராம மக்கள் நம்மை நம்பி ஒப்படைத்த விவரங்கள் அப்போதுதான் பத்திரமாக இருக்கும்.