மருந்தின் மூலத்தைச் சொல்லுங்கள்

மட்டக்களப்பு வாவியோரம் காத்தான்குடி முஸ்லிம்களும் ஆரையம்பதித் தமிழரும் அருகருகே வாழ்கிறார்கள். சிறுநீரக நோயாளரின் குருதி, சுத்திகரிப்பு இயந்திரத்தில் உறையாமல் காக்கும் ஹெபரின், பெரும்பாலும் பன்றிக்குடலின் உட்சவ்விலிருந்து எடுக்கப்படும் சர்க்கரைச் சங்கிலி. சில நாடுகளில் மாட்டுக்குடலும் மூலம். ஆகவே பன்றியை விலக்கும் முஸ்லிம்களுக்கும் பசுவைப் புனிதமாகக் கருதும் இந்துத் தமிழருக்கும் இது உரிய கேள்வி. மருந்தின் மூலத்தை நோயாளரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. 2008இல் ஹெபரினின் சீன மூலப்பொருளில் கலப்படம் நுழைந்து அமெரிக்காவில் உயிர்கள் போனபோது, மூலம் மத விவகாரம் மட்டுமல்ல என்பதும் தெளிவானது.

சொன்னால் சிகிச்சையை மறுப்பார்களே என்பார்கள். ஆனால் உயிராபத்தில் வேறு வழியில்லாதபோது விலக்கப்பட்டதையும் இஸ்லாம் அனுமதிக்கிறது. மறைத்தது பின்னர் தெரிந்தால்தான் நம்பிக்கை உடையும். மாற்றாக, செயற்கை மருந்தான ஃபொண்டாபரினக்ஸ் உண்டு. எனினும் அது சிறுநீரகம் வழியே வெளியேறுவதால், சிறுநீரகம் பழுதுற்றோர் உடலில் தங்கிவிடும். குருதிப்பெருக்கு ஏற்பட்டால் ஹெபரினை முறிக்கும் புரோட்டமின் அதற்குப் பயன்படாது.