சீட்டுப் பணத்தில் வந்த காமிரா

(நமது செகந்திராபாத் நிருபர்)

"என்ன சார், சினிமாக் கம்பெனி ஆரம்பித்துவிட்டீர்களாமே? கதாநாயகி யார்?"

மூன்று மாதங்களாக ஆபீசில் நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் யாராவது ஒருவர் இப்படிக் கேட்டுவிடுகிறார். கதாநாயகிக்கு வயது 76, பல் செட்டு கட்டியவர், லாலாகுடாவில் ஓட்டு வீட்டில் இருந்தவர் என்று பதில் சொன்னால் சிரிக்கிறார்கள். உண்மை அதுதான். நடந்ததை நடந்தபடியே வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் நான்கு பேர். இருவர் ரயில்வே குமாஸ்தாக்கள். ஒருவர் ஜீடிமெட்லாவில் மருந்துக் கம்பெனியில் பாக்கிங் பிரிவில் இருக்கிறார். நான்காமவர் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுத்துப் பிழைப்பவர். எங்களில் தொழில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஞாயிறு தவறாமல் பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரி முருகன் கோவிலில் சந்திப்போம். பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சினிமாவைப் பற்றிப் பேசுவோம். பேசியே பத்து வருஷம் போயிற்று.

2025-ன் தொடக்கத்தில் செகந்திராபாத் ஸ்டேஷனின் பழைய முகப்புக் கட்டடத்தை இடித்தார்கள். புதிய ஸ்டேஷன் வேண்டியதுதான், அதில் இரண்டு அபிப்ராயம் இல்லை. ஆனால் ஊரிலிருந்து தகரப் பெட்டியோடு வந்து இறங்கிய நம்மவர்களில் முக்கால்வாசிப் பேர் முதலில் அண்ணாந்து பார்த்தது அந்த வளைவுகளைத்தான். கைப்பேசியில் நான் எடுத்தது இரண்டு போட்டோ. அதிலும் ஒன்றில் ஆட்டோ குறுக்கே நிற்கிறது. அன்றைக்குத்தான் மருந்துக் கம்பெனி நண்பர், "இனிமேலாவது உருப்படியாக ஏதாவது எடுத்து வைக்கலாமய்யா" என்றார். அந்த வருஷக் கடைசியில் நால்வரும் சீட்டு எடுத்து, கோட்டியில் நாலு கடை ஏறி இறங்கி, லென்சு மாற்றக்கூடிய புதிய டிஜிட்டல் காமிரா ஒன்றை வாங்கினோம். காலர் மைக், முக்காலி ஸ்டாண்டு, கார்டு எல்லாம் சேர்த்து 76,000 ரூபாய். தலைக்கு 19,000. "பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்ட வேண்டிய பணம்" என்று வீட்டில் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அந்த ஒரு தடவையே போதுமானதாக இருந்தது.

அடியால் அளந்த காலம்

கைப்பேசியிலேயே எடுக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. எடுக்கலாம். அமெரிக்காவில் 2015-ல் வெளியான 'டேஞ்சரின்' என்ற முழுநீளப் படம் ஐபோனிலேயே எடுக்கப்பட்டது. ஆனால் மங்கிய வெளிச்சத்தில் ஓட்டு வீட்டுக்குள் ஒரு முகத்தைப் பிடிக்க வேண்டுமானால் பெரிய சென்சாரும் நல்ல லென்சும் உள்ள காமிராவுக்கு இருக்கிற பலம் தனிதான்.

நம்மைப் போன்ற ஆட்கள் படம் எடுக்க ஆசைப்படுவது புதிதல்ல. கோடக் கம்பெனி 1965-ல் சூப்பர் 8 என்ற சிறு பிலிமை வெளியிட்டது. 50 அடி கொண்ட ஒரு பெட்டியை மாட்டினால் மூன்றரை நிமிடம்கூட ஓடாது. 16 மில்லிமீட்டரில் 400 அடிச் சுருள் சுமார் 11 நிமிடம். பிலிமுக்குக் காசு, கழுவக் காசு, பிரிண்டுக்குக் காசு. பெரியவர் ஒரு தடவை இருமினால் பத்து ரூபாய் போயிற்று என்று அர்த்தம். 1995-ல் டிஜிட்டல் வீடியோ டேப் வந்தது. கையடக்கமான ஒரு சோனி காமிராவைக் கொண்டு டென்மார்க்கில் தாமஸ் வின்டர்பெர்க் எடுத்த 'ஃபெஸ்டன்' 1998-ல் கான் விழாவில் ஜூரி பரிசு பெற்றது.

அதே 1998-ல் நம்ம ஊரில், அமெரிக்காவில் என்ஜினீயராக இருந்த நாகேஷ் குக்குனூர் தன் சொந்தச் சேமிப்பைப் போட்டு 'ஹைதராபாத் புளூஸ்' எடுத்தார். 17 நாள், 17 லட்சம் என்று அந்தக் கணக்கை இங்கே சினிமா ஆசை உள்ள பையன்கள் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார்கள். 2011-ல் ராம் கோபால் வர்மா போட்டோ எடுக்கிற கேனன் 5டி காமிராக்களை வைத்துக்கொண்டு ஐந்தே நாளில் 'தொங்கல முட்டா' என்ற தெலுங்குப் படத்தை முடித்தார். படம் எப்படி என்பது வேறு விஷயம். தமிழில் பாலாஜி சக்திவேலின் 'வழக்கு எண் 18/9' 2012-ல் வந்தது. அதுவும் கேனன் 7டி என்ற போட்டோ காமிராவில் எடுத்ததுதான்.

எனக்கு இவர்களைவிட மாலேகாவ்காரர்கள்தான் பெரிதாகப் படுகிறார்கள். மகாராஷ்டிரத்தில் விசைத்தறிக்குப் பேர்போன ஊர் அது. வீடியோ பார்லர் நடத்திவந்த ஷேக் நசீர் என்பவர், தறி ஓட்டும் தொழிலாளர்களையே நடிகர்களாக்கி 'மாலேகாவ் கே ஷோலே' எடுத்தார். சைக்கிள்தான் அவர்களுக்கு டிராலி, மாட்டு வண்டிதான் கிரேன். அவர்கள் கதையை வைத்தே பம்பாய்க்காரர்கள் எடுத்த இந்திப் படம் 2025 பிப்ரவரியில் தியேட்டருக்கு வந்தது. தறி ஓட்டுகிறவனுக்கு முடிந்தது பில் எழுதுகிறவனுக்கு முடியாதா என்றுதான் நாங்களும் துணிந்தோம்.

முதல் ஞாயிறு

எங்கள் கதாநாயகன் லாலாகுடா பட்டறையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 81. அவருடைய தகப்பனார் குடியாத்தம் பக்கத்திலிருந்து நிஜாம் ரயில்வேக்கு வேலைக்கு வந்தவர். இவர் 1964-ல் சேர்ந்தபோது அது மத்திய ரயில்வே. 1966 அக்டோபர் 2-ம் தேதி தென்மத்திய ரயில்வே பிறந்தது. "நாங்க அசையவே இல்லை தம்பி, போர்டுதான் மாறிச்சு" என்பார். மாத முடிவில் தம்பதிகள் வீட்டைக் காலி செய்துகொண்டு பெரம்பூரில் மகனிடம் போவதாக ஏற்பாடு. ஆகவே எங்களுக்கு இருந்தது மூன்று ஞாயிறுகள்.

முதல் ஞாயிறு கோட்டை விட்டோம். காமிராவில் நொடிக்கு 25 படம், 30 படம் என்றெல்லாம் வைக்க இடம் இருக்கிறது. எண்ணிக்கை கூடினால் தரம் கூடும் என்று எங்களில் ஒருவர் (யார் என்று சொல்ல மாட்டேன், இந்தக் கட்டுரையை எழுதுகிறவர்தான்) 30 என்றும் ஷட்டரை அறுபதில் ஒரு பங்கு என்றும் வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் பெரியவர் முகத்தின் மேல் கறுப்புப் பட்டைகள் அலை அலையாக ஊர்கின்றன. காமிராவில் கோளாறு என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக இருந்தோம். கல்யாண வீடியோ நண்பர்தான் விளக்கினார். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. பழைய டியூப் லைட் அதனால் நொடிக்கு 100 தடவை மினுக்குகிறது. காமிரா அதற்கு ஒத்துப்போகாவிட்டால் அந்த மினுக்கல் பட்டையாகத் தெரியும். 25 படம், ஐம்பதில் ஒரு பங்கு ஷட்டர் என்று வைத்தால் தீர்ந்தது. புதிதாக வாங்குகிறவர்கள் இதை ஒரு சீட்டில் எழுதிக் காமிராப் பைக்குள் போட்டுவைப்பது நல்லது.

இன்னொரு கணக்கும் உண்டு. 4கே என்ற உயர்ந்த தரத்தில் எங்கள் காமிரா நொடிக்கு 100 மெகாபிட் எழுதுகிறது. அதாவது நிமிடத்துக்கு 750 எம்.பி. 64 ஜி.பி. கார்டு சுமார் 80 நிமிடத்தில் நிரம்பிவிடும். எங்களிடம் இருந்தது அந்த ஒரே கார்டு. பெரியவர் பேச ஆரம்பித்தால் எண்பது நிமிடம் எந்த மூலைக்கு? ஆகவே ஒரு படி இறங்கிச் சாதாரண எச்.டி.யில் எடுத்தோம். கண்ணுக்குக் குறையொன்றும் தெரியவில்லை.

நாற்பத்தேழு நிமிடம்

இரண்டாம் ஞாயிறு பெரியவர் பேசினார். அப்படி அவர் பேசி நாங்கள் கேட்டதில்லை. தகப்பனார் நிஜாம் ரயில்வேயில் பட்ட பாடு, 1948 செப்டம்பரில் போலீஸ் நடவடிக்கை நடந்த நாட்களில் நான்கு வயதுக் குழந்தையான தன்னைப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்துத் தாயார் கதவைத் தாழிட்டுக்கொண்டது, அந்தப் பெட்டியின் மூடியைத் தகப்பனார் எப்படித் திறந்தார் என்று கையாலேயே காட்டியது. 47 நிமிடம். நடுவில் ஒரு இடத்தில் மருந்துக் கம்பெனி நண்பர் வெளியே போய் நின்றுகொண்டார்.

வீட்டுக்கு வந்து போட்டால், சத்தம் இல்லை.

காலர் மைக்கின் ஒயர் காமிராவில் பாதிதான் சொருகியிருந்தது. பாதி சொருகினாலே காமிராவின் சொந்த மைக் நின்றுவிடும், வெளி மைக்கின் சத்தமும் ஏறாது. திரையில் ஒலி அளவு காட்டும் கோடு அசைந்திருக்காது. படத்தை மறைக்கிறதென்று அந்தக் கோட்டை நாங்களே மறையச் செய்திருந்தோம். காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். 76,000 ரூபாய் செலவழித்தவர்கள் 600 ரூபாய் ஹெட்போன் வாங்கவில்லை.

மறுநாள் ஆபீஸ் விட்டதும் நான்தான் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "போனது போச்சு தம்பி. மறுபடி சொல்ல இதென்ன நாடகமா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அன்று இரவு நாங்கள் நால்வரும் உட்கார்ந்து அவர் சொன்னதை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்போம் என்று முயன்றோம். பெட்டியில் இருந்தது நகை என்றார் ஒருவர், சர்ட்டிபிகேட் என்றேன் நான். தாழிட்டது தாயார் அல்ல, பாட்டி என்றார் இன்னொருவர். ஒரே நாள் பழையது, அதற்குள் நான்கு விதம். ஊமைப் படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டி உதட்டைப் பார்த்தோம். ஒன்றும் பிடிபடவில்லை.

"வாடி! வாடி!"

மூன்றாம் ஞாயிறு எங்களைக் காப்பாற்றியவர் அந்த அம்மாள். பெரியவர் உள்ளறையை விட்டு வருவதாக இல்லை. வந்ததற்குக் காமிராவையாவது சோதிப்போம் என்று, திண்ணையில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்த அம்மாளின் பக்கம் திருப்பினோம். இந்தத் தடவை ஒயரை மூன்று பேர் தொட்டுப் பார்த்தோம். ஹெட்போன் என் காதில்.

"நீங்க எப்ப வந்தீங்க ஆயா?"

"கல்யாணமாகி. 67-ல. காஜிப்பேட்டைல வண்டி மாறி..."

உள்ளேயிருந்து ஒரு குரல்: "காஜிப்பேட்டை இல்ல! வாடி! வாடில மாறினோம்!"

அம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அரக்கோணத்தில் ஏறி பம்பாய் மெயில் தடத்தில் குண்டக்கல், ராய்ச்சூர் தாண்டினால் வாடி ஜங்ஷன். அங்கேதான் செகந்திராபாத் வண்டிக்கு மாற வேண்டும். நடு ராத்திரி. போர்ட்டர்கள் "வாடி! வாடி!" என்று கூவிக்கொண்டு ஓடுகிறார்கள். புதுப் பெண் தூக்கக் கலக்கத்தில், புருஷன்தான் பத்துப் பேர் முன்னால் இப்படி மரியாதையில்லாமல் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டு, கோபத்தில் இறங்கவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாராம். வண்டி நகரப் போகிற நேரத்தில் மாமனார் கையைப் பிடித்து இறக்கியிருக்கிறார்.

"கையைப் புடிச்சது எங்கப்பா இல்ல, நான்!" என்று பெரியவர் வெளியே வந்துவிட்டார். வந்தவர் உட்கார்ந்தார். அம்மாள் தப்பும் தவறுமாகச் சொல்லிக்கொண்டே போக, அவர் திருத்திக்கொண்டே வர, இருட்டும் வரை ஓடியது. அம்மாள் வேண்டுமென்றேதான் தப்பாகச் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். 1948 சமாசாரத்தை மட்டும் அவர் மறுபடி தொடவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அன்றிரவே பதிவை இரண்டு டிஸ்க்கில் ஏற்றி இரண்டு வீட்டில் வைத்தோம். வெட்டி ஒட்டுவதற்கு டாவின்சி ரிசால்வ் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பு போதுமானதாக இருந்தது. கம்ப்யூட்டர்தான் கிழடு, மூச்சு வாங்கியது. படம் 11 நிமிடம். அதில் அந்த ஊமைக் காட்சியிலிருந்து அரை நிமிடம் உண்டு. பெட்டி மூடியைத் திறக்கிற அவர் கை மட்டும்.

ரயில் ஓடுகிற காட்சி இல்லாமல் ரயில்வேக்காரன் படமா என்று கேட்காதீர்கள். ஸ்டேஷனில் படம் எடுக்க ரயில்வேயின் மக்கள் தொடர்பு அலுவலகத்தில் முன் அனுமதி வாங்க வேண்டும். ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவின்படி தண்டவாளத்தில் அத்துமீறி நடமாடுவது குற்றம். ரீல்ஸ் எடுக்கிறேன் என்று தண்டவாளத்தில் நிற்கும் பையன்களைப் பார்த்தால் எங்கள் இலாகாக்காரர்களுக்கு வயிறு கலங்குகிறது. அந்தப் பாவத்தில் நாங்கள் பங்கு பெற விரும்பவில்லை.

வீடு காலி செய்வதற்கு முந்தின இரவு, கட்டி வைத்த மூட்டைகளுக்கு நடுவே, இன்னும் கழற்றாமல் இருந்த அவர்கள் டி.வி.யிலேயே படத்தைப் போட்டோம். தெருக்காரர்கள் இருபது பேர் இருக்கும். வாடி வந்ததும் கூட்டம் சிரித்தது. அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பெரியவர் சிரிக்கவில்லை. முடிந்த பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னிடம் கேட்டார்:

"எல்லாம் சரி தம்பி. வாடியைக் காட்டலையே?"

வாடி ஸ்டேஷனில் படம் எடுக்க அனுமதி கேட்டு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.