கண்ணாடிக்குள் ஒரு கடல் - 6: அடியில் என்ன விரிப்பது?

மழை ஓய்ந்து தை பிறந்ததும் மரக்காணம் உப்பளத்தில் முதலில் நடப்பது பாத்தி மிதிப்பு. மழையில் ஊறிக் குழைந்த களியில் ஆணும் பெண்ணுமாக வரிசை கட்டி நின்று, காலால் மிதித்து மிதித்தே தரையை இறுக்குகிறார்கள். தரை இறுகாவிட்டால் உப்புநீர் மண்ணுக்குள் இறங்கிப் போகும். வாரும்போது உப்போடு சேறும் வரும். ஒரு முறை வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் ஒருவர் பாத்திக்குள் இறங்கி, குதிகாலை ஊன்றி ஒரு திருகு திருகினார். லேசாகப் பள்ளம் விழுந்தது. "இங்க இன்னும் கொஞ்சம் மிதிக்கணும்மா" என்று பக்கத்தில் நின்ற பெண்ணிடம் சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்தார்.

பவளத் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது விளக்கைப் பற்றி. அடுத்தது மீன். அடியில் விரிக்கும் மணல் பற்றிய கேள்வி கடைசியில்தான் வரும், அதுவும் எந்த நிறம் அழகு என்று. தரைதான் தண்ணீரை நடத்துகிறது என்பதை உப்பளத்துக்காரர்கள் அளவுக்கு நாம் உணரவில்லை.

பாத்தியில் நடப்பதைக் கொஞ்சம் பார்ப்போம். கடல்நீர் வெயிலில் வற்றும்போது அதிலுள்ள எல்லாம் ஒரே நேரத்தில் படிவதில்லை. தண்ணீர் ஏறத்தாழ பாதியாகக் குறையும்போது கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு, முதலில் படிகிறது. ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும்போது ஜிப்சம். பத்தில் ஒரு பங்காகும்போதுதான் நாம் சாப்பிடும் உப்பு. மெக்னீசியமும் பொட்டாசியமும் கடைசிவரை கசப்பு நீரில் தங்கிவிடுகின்றன. அதை வடித்து வெளியேற்றுகிறார்கள். பாத்திக்குப் பாத்தி நீரை மாற்றி ஓட்டுவதே இந்தப் பிரிப்புக்காகத்தான். உப்பளத்து உப்பைக் கரைத்துப் பவளத் தொட்டியை நிரப்ப முடியாததற்கும் இதுவே காரணம்: பவளம் உடம்பு கட்டத் தேவையான கால்சியமும் மெக்னீசியமும் வழியிலேயே பிரிந்துவிட்டன.

அங்கே முதலில் படிந்து ஒதுங்கும் அதே சுண்ணாம்புதான் நம் தொட்டியின் அடியில் வேண்டும். அதில் அரகோனைட் என்ற வகையே நல்லது. கடல்நீரின் பி.ஹெச். 8.1 முதல் 8.3 வரை இருக்கும். மணலுக்குள் கழிவைத் தின்னும் பாக்டீரியா கரியமில வாயுவை விடும்போது, அங்கே மட்டும் பி.ஹெச். இறங்கும். அப்போது அரகோனைட் சிறிது சிறிதாகக் கரைந்து, கால்சியத்தையும் கார்பனேட்டையும் தண்ணீருக்குத் திருப்பிக் கொடுக்கும். அதற்காக, மணலைப் போட்டதும் கால்சியம் கவலை தீர்ந்தது என்று இருந்துவிடாதீர்கள். கல் பவளம் நிறைந்த தொட்டியின் பசிக்கு இது போதாது. தனியாகவும் ஊட்டத்தான் வேண்டும்.

கையிலிருக்கும் மணல் எது என்று அறிய ஒரு கரண்டி மணலில் சமையல் வினிகர் சில சொட்டு விடுங்கள். அரகோனைட் என்றால் உடனே நுரைக்கும். கடற்கரை மணலில் விட்டால் கிளிஞ்சல் துணுக்குகளில் மட்டும் இரண்டு குமிழி எழும்பி அடங்கிவிடும். நம் கரையில் கிடப்பது பெரும்பாலும் குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. அலை ஒதுக்கிய கறுப்பு வரியில் காந்தத்தை வைத்தால் இரும்புத் தாது ஒட்டிக்கொண்டு வரும். தொட்டிக்குள் அது வேண்டவே வேண்டாம். கடற்கரை மணலை அள்ளச் சட்டத்தடை இருப்பதையும் மறக்க வேண்டாம். கோழித்தீவனக் கடையில் கிடைக்கும் கிளிஞ்சல் நொறுக்கு நுரைக்கும்தான். ஆனால் அதன் முனைகள் கூர். இடுக்குகளில் கழிவு தங்கும்.

இனிச் சொல்லப்போவதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கேட்க வேண்டும். "ராமேஸ்வரத்துக் கல், தூத்துக்குடிப் பவளத் தூள்" என்று யாராவது காதோரம் விலை சொன்னால் வாங்காதீர்கள். மன்னார் வளைகுடாவில் பல பத்தாண்டுகள் பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாய்க்கும் ஆலைகளுக்கும் அனுப்பினார்கள். அலையைத் தடுத்த அந்த அரண் போனதும் தீவுகள் கரைந்தன. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள்ளேயே போய்விட்டன. வான் தீவைக் காப்பாற்றச் செயற்கைத் திட்டுகளைக் கடலில் இறக்க வேண்டியதாயிற்று. 2001 முதல் நம் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சேர்ந்து இருக்கின்றன. செத்த பவளத் துண்டை வைத்திருப்பதும் குற்றமே. கடலை நேசித்துத் தொட்டி வைக்கிறவர் வீட்டில் கடலை உடைத்த துண்டு இருக்கலாமா?

பின் எதைத்தான் வாங்குவது? பஹாமாஸ் பக்கத்து ஆழமில்லாத கடலில் தண்ணீரிலிருந்தே உருண்டு திரளும் அரகோனைட் சிறுமணிகளைப் பையில் அடைத்து விற்கிறார்கள். சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் கேட்டுப் பாருங்கள். விலை அதிகம்தான், ஆனால் ஒரு முறைச் செலவு.

பருமன் 1 முதல் 2 மி.மீ. போதும். மாவு மாதிரி இருந்தால் அலைமோட்டார் கிளப்பிவிடும். மல்லி விதை அளவுக்குப் போனால் எச்சம் இடுக்கில் சேரும். உயரம் 3 செ.மீ. வைத்துக்கொள்ளுங்கள். 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலத் தொட்டிக்கு ஏறத்தாழ 25 கிலோ பிடிக்கும். மொனாக்கோவில் ழான் ஜோபேர் என்ற அறிவியலாளர், தடித்த மணல் படுகைக்கு அடியில் நீர் இடைவெளி விட்டு, காற்று குறைந்த அடுக்கில் நைட்ரேட்டை ஒழிக்கும் முறையை உருவாக்கிக் காட்டினார். அழகான வேலை அது. ஆனால் பழகாத கை 10 செ.மீ.க்கு மேல் குவித்துவிட்டுப் பிறகு கிளறினால் கறுத்த மணலும் அழுகிய முட்டை நாற்றமும் மேலே வரும். அந்த வாயு மீன்களைக் கொன்றுவிடும். முதல் தொட்டிக்கு வேண்டாம்.

வாங்கிய மணலை வாளியில் கொட்டி, கலங்கல் தெளியும்வரை அலசுங்கள். தொட்டியில் கல்லை முதலில் வையுங்கள், அதுவும் கண்ணாடித் தரைமேல், பிறகுதான் மணல். மணல்மேல் கல்லை வைத்தால், உளுவை மீன் வாய் வாயாக மணலை அள்ளிச் செவுள் வழியே உதிர்த்தே அடியைப் பறித்து, ஒரு நாள் இரவில் கல்லைச் சரித்துவிடும்.

எந்தக் கல் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.